பதினோராம் நம்பர் மலைக்கு நான் தேடிய ஓசை

நாடகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் சேர்ந்து அனுப்பிய கேள்விகளைப் பார்த்தேன். முதல் கேள்வியிலேயே எனக்குத் தலையிடி வந்துவிட்டது. "மாயாஜால நாவல், அதன் திரை வடிவம், அதன் வானொலி வடிவம். மூன்றில் எது சிறந்தது?" இருபத்தாறு வருடம் வானொலி நாடகம் எழுதி, தயாரித்து, ஓய்வும் பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்ட பாடில்லை. பாடசாலைப் பிள்ளைகள் கேட்டார்கள், பட்டறைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். கேட்பவர் எல்லோருக்கும் பதில் முன்கூட்டியே தெரியும். புத்தகம்தான் சிறந்தது. அதை என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஒப்பிட்டே சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் மாதிரி கட்டம் போட்டு, மதிப்பெண் போட்டுச் சொல்ல மாட்டேன். நான் சொதப்பிய ஒரே ஒரு தொடரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

நாவலின் பெயர் "பதினோராம் நம்பர் மலை". எழுதியவர் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தவர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போன பிறகு அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலை. என்னைவிட இருபது வயது இளையவர். கதை எளிது. ஒரு தோட்டத்தில் நம்பர் போட்ட பத்துத் தேயிலை மலைகள்தான் உண்டு. பனி இறங்கும் சில நாட்களில் மட்டும் பத்தாம் நம்பர் மலைக்குப் பின்னால் இன்னொரு மலை தெரியும். அங்கே கொழுந்து கிள்ளிய இடத்திலேயே மறுபடியும் துளிர்க்கும். கூடை நிறையவே நிறையாது. போனவர்கள் திரும்புவதில்லை. அந்த மலை யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தப்பு மேளம் கேட்கும், சாவு வீட்டுக்கு அடிக்கும் அதே அடி. அந்த இடத்தை அவர் இப்படி எழுதியிருந்தார்: "விடியுமுன் தப்பு கேட்டது. அடித்தவன் யாரும் இல்லை." இரண்டே வாக்கியம். வாசிக்கிறவன் தானே நடுங்கிக்கொள்வான்.

இதை முதலில் காட்சிக்குக் கொண்டுபோனவர்கள் கொழும்பிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள். இணையத்துக்கு நான்கு பாகம் எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், உழைப்பாளிகள். ஆனால் பாருங்கள், ஹட்டனுக்குப் புகை இயந்திரம் கொண்டுவந்தார்கள். ஹட்டனுக்கு! வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி சும்மா கிடக்கிறது. இவர்கள் மண்டபத்துக்குள் புகை விட்டு எல்லோரையும் இருமவைத்தார்கள். "இயற்கைப் பனி சொன்ன நேரத்துக்கு வராது அக்கா" என்றார் இயக்குநர். அதுவாவது போகட்டும். அந்தத் தப்பை என்ன செய்தார்கள் தெரியுமா? கணினியில் வரைந்து, அந்தரத்தில் மிதக்கவிட்டு, தானாக அதிரவைத்தார்கள். சுற்றிலும் நீல வெளிச்சம் வேறு. எங்கள் நிலையத்தில் அதைப் போட்டுப் பார்த்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

சிரித்ததோடு நின்றேனா? ஊரெல்லாம் உபதேசம். "திரைக்காரர்கள் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். நாம் வானொலிக்காரர்கள், கேட்பவருடைய மனதுக்கு விட்டுவிடுவோம்." இதை மூன்று பட்டறைகளில் சொன்னேன். கைதட்டினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஏனென்றால் எட்டுப் பாக வானொலித் தொடராக அதே நாவலை நான் எழுத உட்கார்ந்தபோது, முதல் வேலையாக என்ன தேடினேன்? அந்தத் தப்பின் ஓசையை. அதுவும் அசலாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நிலையத்தில் இருந்த ஒலிகளெல்லாம் திருவிழா மேளமும் சினிமாத் தாளமும்தான். மலையகத்தில் பிறந்த காது அதையெல்லாம் இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடுகிற அடி வேறு, காமன் கூத்துக்கு அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மண் இது.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கருப்பையா அண்ணன் என்றொருவர் இருந்தார். அந்தப் பக்கத்தில் முப்பது வருடமாக எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரைத் தேடிப் போய் நிலையத்துக்கு வந்து அந்த அடியை அடித்துத் தரச் சொன்னேன். அவர் தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தார்.

"வேற எந்த அடி வேணும்னாலும் சொல்லுங்க மிஸ். பெரட்டுக்கு அடிக்கிறதா, சாமிக்கு அடிக்கிறதா, நாள் முழுக்க வேணும்னாலும் அடிச்சித் தாறேன். அத மட்டும் சாவு இல்லாம அடிக்கக் கூடாதுங்க."

"இது கதைதானே அண்ணே? யாரும் சாகப் போறதில்ல."

"கதைன்னு தப்புக்குத் தெரியுமா மிஸ்?"

நான் விளக்கினேன். கலை என்றேன், மலையகத்தின் பெருமை என்றேன், அவர் பெயரை வானொலியில் சொல்வோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார். அவருடைய பதில் அந்தத் தேத்தண்ணிதான். எனக்குச் சரியான கோபம். ஒரு பழக்கத்துக்காக என் தொடர் கெட வேண்டுமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து வேறொரு நிகழ்ச்சிக்காக அதே தோட்டத்துக்குப் போயிருந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பக்கத்தில் நிற்கும்போது தூரத்தில் தப்புக் கேட்டது. சாவு ஊர்வலம். லயத்தின் கீழே ஓடும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் கருப்பையா அண்ணன். நான் மடுவத்துச் சுவரோடு ஒதுங்கி நின்றேன். மரியாதைக்காக ஒதுங்கியதாகத்தான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கையில் போன் இருந்தது. ஊர்வலம் வளைவில் ஏறி மறையும்வரை, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டேன்.

யார் செத்தது என்றுகூட நான் கேட்கவில்லை. ஒலி சுத்தமாக விழுந்திருக்கிறதா, காற்று இரைச்சல் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. பிள்ளைகளே, இந்த வேலையில் நல்ல காது ஒரு நாளில்லை ஒரு நாள் நம்மை இப்படி மிருகமாக்கிவிடும். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. நல்ல வேட்டை என்று சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம் ஏழாம் பாகம் ஒலிபரப்பானது. அந்தப் பதிவில் நாற்பது நொடியை எடுத்துப் போட்டிருந்தேன். நிலையத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். ஒலிப்பதிவுக்காரர் கையை நீட்டி மயிர்க்கூச்செறிந்ததைக் காட்டினார். நாவலாசிரியை போனில் பேசினார். அவர் குரலில் சந்தோஷம் குறைவாக இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

"யாரு அக்கா அடிச்சது?" என்று கேட்டார்.

"நம்மகிட்ட இருந்த பதிவுதான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை நான் நிலையத்துக்குப் போகும்போது வாசலில் கருப்பையா அண்ணன் நின்றார். மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பழைய கோட்டொன்று போட்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நேத்து போட்டது நான் அடிச்சது மிஸ்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "அதெப்படி அண்ணே அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"என் கையி எனக்குத் தெரியாதா? வளைவுல பாடைய தோளு மாத்தினாங்க. அந்த எடத்துல ஒரு அடிய அடிக்காம விட்டேன். அது அப்புடியே வந்துச்சு." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "தோள் குடுத்தது செத்தவரோட தம்பி. அவருக்கும் தெரிஞ்சு போச்சு. நேத்து பொழுது சாயிறதுக்குள்ள எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. எங்கண்ணன் சாவ ரேடியோவுக்கு வித்துட்டியான்னு கேக்குறாரு, மிஸ்."

செத்தவருடைய சம்சாரம் பாக்கியம் என்ற அம்மா. அவர் முதல் பாகத்திலிருந்தே தொடரை விடாமல் கேட்டு வந்தவராம். அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த ஓசை வந்ததும் எழுந்து வெளியே ஓடி, பாலத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"சனிக்கெழம கூட்டம் வச்சிருக்காங்க. அதுவரைக்கும் எந்த வீட்டுக்கும் என்னக் கூப்புடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க வந்து சொல்லணும். நான் விக்கலன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

முப்பது வருடம் ஒவ்வொரு வீட்டுத் துக்கத்துக்கும் முன்னால் நடந்த மனிதர். ஒரே பின்னேரத்தில் அவரை வெளியே நிறுத்திவிட்டேன். வருகிறேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நிலையத்துக்குள் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் எரிச்சல் வரும். மூன்று கூட்டம். எங்கள் பொறுப்பாளர் கடிதம் அனுப்பலாம் என்றார். "மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்." ஏற்பட்டிருந்தால்! ஏற்படவில்லை என்றால் வருத்தத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்னவோ. நேரில் போனால் நிலையம் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்றார். அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த ஞாயிறு கடைசிப் பாகம். பதிவு செய்து முடித்தாகிவிட்டது. அதிலே அந்த ஓசை இரண்டு இடத்தில் வருகிறது. "அருமையா வந்திருக்கு, அதில கை வைக்காதீங்க" என்றார். ஒலிப்பதிவுக்காரர், சுருதியைக் கொஞ்சம் இறக்கினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று யோசனை சொன்னார். திருடிய மாட்டுக்குச் சாயம் அடிக்கச் சொல்கிறீர்களா என்று நான் கத்திவிட்டேன். கொழும்பு இளைஞர்களுக்கு எப்படியோ செய்தி போய், தங்களுடைய மிதக்கும் தப்பின் சத்தத்தைத் தரத் தயார் என்று அன்போடு எழுதியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்!

ஆறுதல் கிடைக்கும் என்று நாவலாசிரியைக்குப் போன் பண்ணினேன். முழுக்கக் கேட்டார்.

"அடிச்சவன் யாரும் இல்லன்னு நான் ஏன் எழுதினேன்னு நெனச்சீங்க அக்கா?"

"மர்மத்துக்கு. வாசிக்கிறவங்க பயப்படணும்னு."

"மர்மமாவது ஒண்ணாவது. எங்க தோட்டத்துலயும் தப்படிக்கிறவரு ஒருத்தர் இருக்காரு. ஒரு ஆள எழுதினா, படிக்கிறவங்க அவரத்தான் நெனப்பாங்க. ஆளக் கொண்டுபோற அடிய அவரு அடிச்சாருன்னு ஆயிரும். யாரையும் அந்த எடத்துல நிறுத்த எனக்கு மனசு வரல. அதனாலதான் யாரும் இல்லன்னு எழுதினேன். நீங்க தேடிப் போயி ஒரு ஆளக் கூட்டியாந்து நிறுத்திட்டீங்க."

அந்த இரண்டு வாக்கியத்தை நான் நூறு தடவை வாசித்திருப்பேன். அது உத்தி என்று நினைத்தேன், பட்டறையில் உத்தி என்றே பாடம் நடத்தினேன். ஒரு மனிதரைக் காப்பாற்றுவதற்காக அவர் விட்டுவைத்த இடம் அது. கொழும்புப் பிள்ளைகள் அதில் நீல வெளிச்சத்தைப் போட்டார்கள். அது அசட்டுத்தனம், ஆனால் யாருக்கும் காயமில்லை. அசல், அசல் என்று அலைந்த நான் அதில் ஒருவர் வீட்டுச் சாவைக் கொண்டுவந்து போட்டேன். எது சிறந்தது என்று கேட்டீர்களே, என் தொடர்தான் மூன்றிலும் மோசமானது. ஓசை மட்டும் பிரமாதம்.

சனிக்கிழமை காலை நிலையத்துக்குப் போய், பொறுப்பாளரைக் கேட்காமல், கடைசிப் பாகத்திலிருந்து அந்த ஓசையை எடுக்கவைத்தேன். அந்த இடங்களில் நாவலின் இரண்டு வாக்கியத்தையும் நடிகையைக் கொண்டு வாசிக்கவைத்தேன். பிறகு மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

தோட்டத்துக் கோயிலுக்கு முன்னால் கூட்டம். ஆண்கள் முன்னால், பாக்கியம் அம்மாவும் இன்னும் சில பெண்களும் ஓரமாக. கருப்பையா அண்ணன் தனியாக நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. அவரிடம் கேட்டேன், அவர் மாட்டேன் என்றார், பிறகு சுவரோரம் நின்று அவருக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னேன்.

செத்தவருடைய தம்பி எழுந்தார். "அவரு மாட்டேன்னு சொன்ன பெறகா எடுத்தீங்க?"

"ஆமா."

"யாரு சாவுன்னாவது கேட்டீங்களா?"

"இல்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு திரும்பி, கருப்பையா அண்ணனிடம் போய், "மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். தோட்டத்துத் தலைவர், இனி முன்போல எல்லா வீட்டுக்கும் அவர்தான் என்று சொல்லி முடித்தார். எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தெம்பில் இன்னும் ஒன்றையும் சொன்னேன்: "நாளைக்குக் கடைசிப் பாகத்துல அது வராது. என் போன்ல இருந்தத இன்னைக்குக் காலையில அழிச்சிட்டேன். நிலையத்துக் கணினியில, போன வாரப் பாகத்துல, எதுலயும் இல்லாம முழுசா அழிச்சாச்சு. இனி அது எங்கயும் இல்ல." ஆண்கள் நல்லது என்றார்கள்.

அப்போதுதான் பாக்கியம் அம்மா வாய் திறந்தார்.

"முழுசாவா?"

"ஆமாம்மா. ஒரு சொட்டு இல்ல."

"ரேடியோவுல வந்தது கொஞ்சந்தானே. மிச்சமும் இருந்துச்சா?"

"ரெண்டு நிமிசம் சொச்சம் இருந்துச்சும்மா."

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "பொம்பளைங்க பாலத்தோட நின்னுருவோம் மிஸ். அதுக்கங்கிட்டு நாங்க போறதில்ல. அன்னைக்குக் காத்து வேற, பாலம் தாண்டினதும் தப்புச் சத்தம் கேக்கல. அவர எப்புடிக் கொண்டு போனாங்கன்னு எனக்குத் தெரியாது. போன ஞாயித்துக்கெழமதான் கேட்டேன். மிச்சத்தையும் கேக்கணும்னுதான் இன்னைக்கு வந்தேன்."

எடுக்கும்போது அவரைக் கேட்கவில்லை. அழிக்கும்போதும் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கருப்பையா அண்ணனிடம் திரும்பினார்.

"அண்ணே, நீங்களாவது ஒருக்கா அடிச்சுக் காட்டுவீங்களா?"

"அடிக்க ஏலாது தாயி. தெரியுந்தானே." அவர் கோயில் படியில் உட்கார்ந்தார். அந்த அம்மாவையும் உட்காரச் சொன்னார். "சொல்றேன், கேளு. பாலத்துல ஏறினதும் அடிய மெதுவாக்கினேன், பலக ஆடுமில்ல. தாண்டினதும் பழையபடி. மடுவத்துக்கிட்ட ரெண்டு பேரு வேலைய விட்டுட்டு வந்து தொப்பியக் கழட்டி நின்னாங்க. அவங்களுக்காகக் கொஞ்சம் நின்னு அடிச்சேன்..."

"ம்" என்றார் பாக்கியம் அம்மா.

"அப்பறம் வளைவு. அங்கதான் உன் கொழுந்தன் தோளு குடுத்தாரு..."

"ம்."

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மிச்சத்தை நான் கேட்கவில்லை.